புதுப்பிப்பு: எடிட்டிங் கம்ப்யூட்டருக்குக் கடைசியில் எதை எடுத்தேன்

கல்யாண வீடியோ எடிட் செய்ய ஏஎம்டியின் ரைசன் பிராசஸரா, இன்டெல்லா என்று கேட்டிருந்தேன் அல்லவா? சென்னை ரிச்சி தெருவில் இன்டெல் ஐ7 14700 எடுத்துவிட்டேன். காரணம் கேமராதான். அது 4:2:2 10 பிட் எச்இவிசி என்ற, நிற விவரம் அதிகமுள்ள சுருக்கப்பட்ட வீடியோ வடிவத்தில் பதிகிறது. என்னிடம் உள்ள என்விடியா கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 அதை டீகோட் செய்யாது, அதாவது சுருக்கியதை விரித்துத் தராது; என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் அந்த வசதி வந்தது. இன்டெல் சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸ் செய்துவிடும்.

கடைக்காரர், “எஃப் போட்டது எடுங்க சார், விலை கம்மி” என்றார். மாடல் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் உள் கிராபிக்ஸே கிடையாது, அப்புறம் எதற்கு இன்டெல்?

ராம் 64 ஜிபி. டைம்லைனை இழுத்தால் திக்காமல் ஓடுகிறது, பிராக்ஸி (எடிட்டுக்கான சிறிய நகல் வீடியோ) போடவே இல்லை. வாங்குகிறவர்கள் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) பாருங்கள்: தனி கிராபிக்ஸ் கார்டு செருகினால் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும்.