மறு: ‘சார்புக் கோப்பு’ பொருந்தவில்லை, ‘இடவெண் கோப்பு’ எப்படி?

குழுவினருக்கு வணக்கம். ஐபிஎம் பெருங்கணினிகளில் கோப்புகளைக் கையாளும் வீசாம் (VSAM) முறையின் மூன்று கோப்பு வகைகளான ஆர்ஆர்டிஎஸ் (RRDS), ஈஎஸ்டிஎஸ் (ESDS), கேஎஸ்டிஎஸ் (KSDS) ஆகியவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அக்கா அனுப்பிய பட்டியல் இது:

> ஆர்ஆர்டிஎஸ் – சார்புக் கோப்பு, ஈஎஸ்டிஎஸ் – பதிவுவரிசைக் கோப்பு, கேஎஸ்டிஎஸ் – சாவிவரிசைக் கோப்பு. மூன்றும் சரிதானே?

அக்கா, முதலாவதை மாற்றியே ஆகவேண்டும். ‘சார்பு’ கணிதத்தில் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. தவிர, இந்தக் கோப்பு எதையும் சார்ந்து நிற்பதில்லை. தொடக்கத்திலிருந்து எத்தனையாவது இடம் என்ற எண்ணை வைத்துத்தான் பதிவை எடுக்கிறோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்து அஞ்சல்பெட்டிகளைப் போல: வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் பெட்டி உண்டு. 1 முதல் 999 வரை நெருக்கமாக நிரம்பும் கிளை எண்களுக்கு இது நல்ல வேகம். அட்டவணையைப் புரட்டும் வேலையே இல்லை. எண்கள் 1, 5000, 90000 என்று சிதறினால் நடுவிலுள்ள காலி இடங்களும் முழு நீளத்துக்கு வட்டைத் தின்னும். (மாறுநீள வகையில் இந்தத் தொல்லை இல்லை, அது உள்ளுக்குள் வேறு மாதிரி.) ஆகவே ‘இடவெண் கோப்பு’.

‘பதிவுவரிசை’யும் குழப்பும். பதிவு எல்லாக் கோப்பிலும்தான் இருக்கிறது. ஈஎஸ்டிஎஸ்ஸில் புதியது எப்போதும் கடைசியில்தான் சேரும். நடுவில் செருக முடியாது, அழிக்கவும் முடியாது. திருத்தலாம், ஆனால் நீளம் மாறக்கூடாது. அழிந்ததாகக் காட்ட, நிரல்தான் ஒரு பைட்டில் அடையாளம் போடவேண்டும். நாளேட்டில் தாளைக் கிழிக்காமல் கோடு போட்டு அடிப்பதுபோல. தணிக்கைத் தடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ‘வருகைவரிசைக் கோப்பு’ என்கிறேன்.

இனி ‘சாவி’, அதாவது கேஎஸ்டிஎஸ்ஸில் பதிவைத் தேடி எடுக்க உதவும் புலம். இப்போது கேஎஸ்டிஎஸ்ஸையே மறையாக்கம் செய்து வைக்கிறார்கள். அதற்கும் ஒரு சாவி உண்டு. ஒரே பத்தியில் இரண்டு சாவி வந்தால் படிப்பவர் எதைப் பிடிப்பார்? ‘தேடுகுறி’ என்றும், கோப்பைக் ‘குறிவரிசைக் கோப்பு’ என்றும் வைக்கலாம்.

இதில் ‘வரிசை’யை மட்டும் விட்டுவிடக் கூடாது. பிழைகள் அங்கேதான் முளைக்கின்றன. நம் சிங்கப்பூர் அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: 9 எழுத்து, பதிவின் முதல் பைட்டில் தொடங்குகிறது. அதற்குக் கீஸ்(9 0) என்று எழுதவேண்டும்: முதல் எண் நீளம், அடுத்தது 0-இலிருந்து எண்ணும் தொடக்க இடம். 0-க்குப் பதில் 1 என்று போட்டுவிட்டால் ஒரு பைட் தள்ளிப்போகும். கோபோல் (COBOL) மொழி நிரல் கோப்பைத் திறக்கும்போதே, விவரம் பொருந்தவில்லை என்று சொல்லும் நிலைக்குறி 39 வந்து நிற்கும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நோகடிப்பது வேறு. முதலெழுத்துகள் எஃப், ஜி, எம், எஸ், டி என்று அடுக்கப்படும். 2022 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்கு எம் வந்ததால், அந்தப் புதுப் பதிவுகள் எல்லாம் ஜிக்கும் எஸ்ஸுக்கும் நடுவே குவியும். ஃப்ரீஸ்பேஸ்(10 10) என்று கோப்பு முழுக்கக் காலியிடம் விட்டிருந்தாலும், எஸ் பகுதியில் விட்டது எம்முக்கு உதவாது. அங்கே சிஐ (CI, பதிவுகள் அடங்கும் சிறு கூறு) நிரம்பிப் பிளக்கும். பல சிஐகள் அடங்கிய பெரிய பகுதியான அந்தச் சிஏவில் (CA) காலி சிஐ எதுவும் மிச்சமில்லையென்றால் சிஏவே பிளக்கும். ஏறக்குறைய பாதியைப் புது இடத்துக்கு நகர்த்துவதால் அதுதான் மெதுவான வேலை. லிஸ்ட்கேட் கட்டளையின் வெளியீட்டில் இரண்டு பிளவுகளின் எண்ணிக்கையும் தெரியும். கோப்பை மறுபடி ஏற்றும்போது ஜி வரை காலியிடம் ஒரு அளவு, பிறகு ஆல்ட்டர் கட்டளை கொடுத்து எம்முக்குப் பெரிய அளவு, எஸ்ஸுக்கு முன் மீண்டும் குறைத்து ஏற்றலாம்.

சிஐயைக் ‘கட்டுப்பாட்டு இடைவெளி’ என்று பழைய பட்டியலில் பார்த்தேன். இடைவெளி என்றால் காலியிடம். சிஐக்குள்ளேயே காலியிடம் தனியாக இருக்கிறதே! வட்டிலிருந்து வீசாம் ஒரு தடவைக்கு அள்ளும் அளவு அது. ‘அள்ளுகூறு’ சற்று நாட்டுப்புறமாகத் தோன்றலாம், எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓட்டத்துக்கு ஓட்டம் பெரும்பாலான பதிவுகளைத் தொடும் மாதாந்தர வேலைக்கு வெறும் தொடர்கோப்பு போதும். அந்தச் சொல்லில் சண்டை இல்லை.

---

தம்பி, இடவெண்ணும் வருகைவரிசையும் ஏற்றுக்கொண்டேன். ‘தேடுகுறி’யை, வேறொரு புலத்தைக் கொண்டு தேட உதவும் மாற்று அட்டவணையில் வைத்துப் பார்த்தேன். அங்கே ஒரே தொலைபேசி எண்ணுக்கு நான்கு வாடிக்கையாளர் வரலாம். ‘அடையாளக்குறி’ என்று வைத்திருந்தால் அங்கே உதைத்திருக்கும், தேடுகுறி நிற்கிறது. அந்த அட்டவணையைக் குறிவரிசைக்கும் வருகைவரிசைக்கும் கட்டலாம், இடவெண் கோப்புக்குக் கட்ட முடியாது என்பதையும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள்; தேர்வு செய்பவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

கோபோல் நிரலில் இடவெண் கோப்பைக் குறிக்கும் ஆர்கனைசேஷன் இஸ் ரிலேட்டிவ் என்ற வரி அப்படியேதான் இருக்கும். அதன் ஒலிபெயர்ப்பைப் பக்கத்தில் போடுவோம்.

வீவக, மசேநி (மத்திய சேம நிதி) மாதிரி சுருக்கக் கேட்டிருந்தார்கள். வருகைவரிசைக் கோப்பு ‘வவகோ’ ஆகிவிடும். வேண்டாம், சுருக்கத்துக்கு ஈஎஸ்டிஎஸ் இருக்கட்டும்.