மறு: திறந்த காரில் பின்கழுத்தில் அடிக்கும் காற்றுக்கு ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

> ‘பின்காற்று’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிது.

எளிதுதான். ஆனால் சைக்கிள் மிதிப்பவரைப் பின்னாலிருந்து தள்ளிவிடும் காற்றை ஏற்கனவே அப்படித்தான் சொல்கிறோம். நாம் பெயர் தேடுவது வண்டி தானே உண்டாக்கிக்கொள்ளும் காற்றுக்கு. இலை அசையாத காலையிலும் அது அடிக்கும்.

போன மார்கழியில் நண்பரின் பழைய எம்ஜிபி காரில், விடியுமுன் புதுச்சேரியிலிருந்து கடலூருக்குக் கிளம்பினோம். மேல்துணியை மடித்துவிட்டார். குளிர் முகத்தில் அறையும் என்று துண்டை மூக்குவரை கட்டியிருந்தேன். அரியாங்குப்பம் தாண்டி வேகம் எடுத்தால், முகத்தில் ஒன்றுமே இல்லை. பின்கழுத்தில் ஈரத்துணி போட்டதுபோல் சில்லிட்டது. “பிடரியில அடிக்கும் சார், பார்த்துக்குங்க” என்று அவருடைய மெக்கானிக் முந்தின நாளே சொல்லியிருந்தார். நான் முன்வைக்கும் ‘பிடரிக்காற்று’ அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

முன்கண்ணாடி காற்றை மேலே ஏற்றிவிடுகிறது. அதன் பின்னே அழுத்தம் குறைகிறது. தலைக்கு மேல் போன காற்று அந்தக் குறையை நிரப்ப, இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து சுருண்டு முன்னோக்கி வருகிறது. மினி லாரியின் பின்தட்டில் போகிறவர்கள்மேல் அந்த வண்டியின் புழுதியே வந்து படிவதும் இதனால்தான்.

நமக்கு இது சில்லிப்பு. இந்தக் கார் 1962 முதல் 1980 வரை உருவான இங்கிலாந்தில், சனவரியில் இதுவே வலி. அங்கே குளிரிலும் திறந்து ஓட்டுபவர்கள் பக்கக் கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைக் காலடிக்குத் திருப்பி, ஆளில்லாத இருக்கைமேல் படுதாவை இழுத்து ஜிப்பை மூடிக்கொள்கிறார்கள்.

> உடலுறுப்பை வைத்தா கலைச்சொல்?

வாடை, கொண்டல், தென்றல், கோடை எல்லாம் வரும் திசையால் பெயர் பெற்றவை. இந்தக் காற்றுக்கு வடக்கு தெற்கு கிடையாது. வண்டி திரும்பினால் அதுவும் திரும்பும். அதற்கு நிலையான திசை, ஓட்டுபவரின் பிடரி ஒன்றுதான்.

‘சுழல்காற்று’ வேண்டாம். 2011 டிசம்பரில் ‘தானே’ என்ற புயலைப் பார்த்த கரை இது. அந்தச் சொல்லை இதற்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

இயற்பியல் நூலுக்கு உங்கள் ‘பின்சுருள்’ பொருந்தும். ஓட்டுநர் கையேட்டில் ‘பிடரிக்காற்று’ என்று போடுகிறேன். இருக்கைக்குப் பின்னால் நிறுத்தும் வலைச்சட்டம் ‘பிடரிக்காற்றுத் தடுப்பு’. நீங்கள் சொன்ன ‘மறைப்பு’ அதற்குச் சரிவராது; வலை வழியாகப் பின்னால் வரும் வண்டி தெரிய வேண்டுமே.