காடி (கார்) ஓட்டப் பழக: பத்து நாள் ஒரே மூச்சாகவா, ஞாயிறுக்கு ஞாயிறா?

சிப்புட்_அத்தை:
வணக்கம். அண்ணன் மகளுக்கு எஸ்பிஎம் (மலேசியாவில் பள்ளி முடிக்கும் பரீட்சை) முடிந்துவிட்டது, ரிசல்ட் வருவதற்குள் காடி லைசன்ஸ் எடுத்தே தீருவேன் என்று நிற்கிறாள். கம்ப்யூட்டர் தேர்வில் 50க்கு 46 (42 எடுத்தால் பாஸ்), எல் லைசன்ஸும் (பழகுநர் லைசன்ஸ்) கைக்கு வந்துவிட்டது. இப்போது வீட்டில் இரண்டு கட்சி. ஈப்போவில் என் தங்கை வீட்டில் தங்கி, பத்து நாள் தொடர்ந்து தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, கையோடு டெஸ்ட் போய்விடலாம் என்கிறாள் பிள்ளை. அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், ஞாயிறுதான் அவருக்கு ஓய்வு. சுங்கை சிப்புட் டவுனுக்கு நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறேன், வாரம் ஒரு பாடமாக நிதானமாகப் படிக்கட்டும் என்கிறார். மேனுவல் காடி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லோரி_அண்ணே:
தங்கச்சி, உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. நான் 22 வருடமாக குலை லோரி ஓட்டுகிறேன், பி (புது லைசன்ஸ் அடையாளம்) ஒட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளை தினமும் பார்க்கிறேன். பத்து நாளில் அவசரமாகப் படித்து வருகிற பிள்ளைக்கு டெஸ்ட் ரூட்டு மட்டும் நன்றாகத் தெரியும், அதற்கு வெளியே வந்தால் தடுமாறுகிறது. அதுவும் காலையில் மட்டும் ஓட்டினால் மழையையே பார்த்திருக்காது. நம் பக்கம் மதியத்துக்கு மேல்தானே மழை கொட்டும்? தோட்டத்துச் செம்மண் ரோட்டிலிருந்து ஒன்றாம் நம்பர் கூட்டரசுச் சாலையில் ஏறுகிற முனையில், எங்கள் லோரி டயர் இழுத்து வந்த சேறு மழையில் வழுக்குகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தில் பிரேக்கை எப்படி மிதிப்பது என்பது ஈப்போ காலை வகுப்பில் வராது. மூன்று மாதம் வாரா வாரம் ஓட்டினால் வெயில், மழை, மில் லோரி வரிசை எல்லாம் கண்ணில் படும்.

எல்போர்டு_அக்கா:
அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். நான் வாரம் ஒரு பாடம் படித்தவள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், அதில் முதல் அரை மணி நேரம் போன வாரம் வந்தது திரும்ப வருவதற்கே போய்விடும். கிளட்ச்சை எந்த இடத்தில் நிறுத்தினால் காடி பிடிக்கும் என்று இடது காலுக்கு அப்போதுதான் புரிய ஆரம்பிக்கும், நேரமாச்சு இறங்கு என்பார்கள். நடுவில் வாத்தியார் வேறு மாறினார். அவர் சொன்னதும் முன்னவர் சொன்னதும் ஒத்துவரவில்லை. 3 மாத எல் முடிந்து, காசு கட்டிப் புதுப்பித்துத்தான் டெஸ்ட் போனேன்.

இன்னொன்றை யாரும் யோசிக்கவில்லை. எல் வைத்திருப்பவர் அப்பா காடியை எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது, பயிற்சிப் பள்ளிக் காடியில் லைசன்ஸ் உள்ள பயிற்றுநரோடுதான் ஓட்டலாம். அப்படியென்றால் அந்த ஆறு நாளும் வெறும் நாள்தானே, அதில் என்ன நிதானமாகப் படிக்க முடியும்?

பால்மரம்84:
ஏன் வெறும் நாள்? தோட்டத்து உள் ரோட்டில் சாயங்காலம் யார் இருக்கிறார்கள்? எங்கள் அப்பா அப்படித்தான் எனக்கு பழைய சாகா காடியில் சொல்லிக்கொடுத்தார்.

எல்போர்டு_அக்கா:
தம்பி, அந்த ரோட்டில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், கிழவிகள் விறகு தூக்கி வருகிறார்கள். ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், பதில் சொல்வது அந்த அப்பாதான். அந்த யோசனையை இங்கே எழுதாதீர்கள்.

ஓய்வு_ஆசிரியர்:
ஒரு தகவல் சொல்கிறேன். 1978இல் பேடலி, லாங்மன் என்ற இருவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்கு விசைப்பலகையில் தட்டச்சு பழக்கினார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், இன்னொன்றுக்கு நாளுக்கு நான்கு மணி நேரம், நடுவில் இரண்டு மணி நேரக் குழுக்களும் இருந்தன. மொத்த மணி நேரத்தைக் கணக்குப் பார்த்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள்தான் குறைந்த நேரத்தில் கற்றார்கள். ஆனால் பயிற்சி பிடிக்கவில்லை என்று அதிகம் குறைப்பட்டவர்களும் அவர்கள்தான், ஏனென்றால் நாள்கணக்கில் இழுத்தது. ஒரே மூச்சில் படித்தால் கற்றுவிட்ட மாதிரி மனதுக்குத் தெரியும், அதை நம்பிவிடக் கூடாது. இடைவெளி விட்டுப் படித்ததுதான் நிற்கும்.

எல்போர்டு_அக்கா:
சார், நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். அதில் குறைவாகப் படித்த குழுவும் தினமும்தானே படித்தது? வாரத்துக்கு ஒரு தடவை என்று ஒரு குழுவே இல்லையே. நான்கு மணி நேரம் அதிகம் என்று அந்த ஆய்வு சொல்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஞாயிறுக்கு ஞாயிறு போதும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

ஓய்வு_ஆசிரியர்:
சரியான கேள்வி. ஆமாம், எல்லாக் குழுவும் தினமும் பழகியவைதான். வாரம் ஒன்று என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. நான் அளவுக்கு மேல் இழுத்துவிட்டேன்.

லோரி_அண்ணே:
ஆய்வு எனக்குத் தெரியாது, மேடு தெரியும். டெஸ்ட்டில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது காடி பின்னால் உருண்டால் ஃபெயில். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்ன செய்தார் தெரியுமா? மேட்டில் காடியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் பின் டயருக்கு நாலு விரல் தள்ளி குலையிலிருந்து உதிர்ந்த ஒரு செம்பனைப் பழத்தை, உதிரிப் பழத்தை, வைத்தார். கைபிரேக் இழுத்தபடி, எண்ணெய் பெடலைக் கொஞ்சமாக மிதித்து, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். பானெட் ஒரு நூல் மேலே எழும், ஸ்டேரிங் உள்ளங்கையில் லேசாக நடுங்கும், அப்போதுதான் கைபிரேக்கை இறக்க வேண்டும். ஏறி முடித்ததும் திரும்பிப் போய்ப் பார்ப்போம். டயரில் பழத்தின் ஆரஞ்சு எண்ணெய் இருந்தால் உருண்டிருக்கிறேன் என்று அர்த்தம். முதல் நாள் ஏழு பழம் நசுங்கியது. வீட்டுக்குப் போய் ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், அடுத்த வாரம் ஒன்றுதான். இந்த ஊறுதல் பத்து நாளில் வராது தங்கச்சி, அதைத்தான் சொல்கிறேன்.

எல்போர்டு_அக்கா:
அண்ணே, அந்தப் பழ வித்தை அருமை, என் தம்பிக்குச் சொல்லப் போகிறேன். ஆனால் ஏழு நசுங்கிய மறுநாளே திரும்ப ஏறியிருந்தால் இரண்டாம் நாளே ஒன்றாகக் குறைந்திருக்காதா? அத்தை, பிள்ளை மோட்டார் ஓட்டுகிறாளா?

சிப்புட்_அத்தை:
ஓட்டுகிறாள், பி2 (மோட்டார் லைசன்ஸ்) இருக்கிறது, கப்சாய் என்கிற சின்ன மோட்டார்தான்.

எல்போர்டு_அக்கா:
அப்படியென்றால் ரோடு அவளுக்குத் தெரியும். சந்தியில் யாருக்கு வழி விடுவது, எந்த லோரி சிக்னல் போடாமல் திரும்பும், எல்லாம் பழக்கம். தெரியாதது கிளட்ச் ஒன்றுதான், கப்சாயில் கிளட்ச் பிடியே கிடையாதே! அது காலுக்குப் பழக வேண்டிய வேலை, அதற்கு வாரக்கணக்கில் இடைவெளி கூடவே கூடாது.

லோரி_அண்ணே:
மோட்டார் ஓட்டத் தெரிந்த பிள்ளைதான் காடியில் எனக்குப் பயம். மோட்டார் நுழைகிற சந்தில் காடியை நுழைக்கப் பார்ப்பார்கள். இடது பக்கம் எவ்வளவு அகலம் என்ற கணக்கு வருவதற்கு நாளாகும். ஆனாலும் கிளட்ச் விஷயத்தில் நீங்கள் சொல்வது எனக்கு உறைக்கிறது. வாரம் ஒன்று குறைவுதான். பத்து நாள் காலையில் மட்டும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓய்வு_ஆசிரியர்:
பத்து நாளில் முடித்தால் இன்னொரு சிக்கல், டெஸ்ட் தேதி நாம் நினைத்த நாளில் கிடைக்காது. பத்தாம் நாள் ஓட்டி முடித்துவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்து டெஸ்ட்டுக்குப் போனால், சாலைத் தேர்வில் 20க்கு 16 எடுக்க வேண்டிய இடத்தில் கை நடுங்கும். முதலில் தேதியைக் கேளுங்கள், அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுங்கள்.

சிப்புட்_அத்தை:
எல்லாருக்கும் நன்றி. இன்று டவுனில் உள்ள பள்ளியிலேயே கேட்டுவிட்டேன். வேன் தோட்டத்து முனை வரைக்கும் வருமாம், அதனால் அண்ணன் கொண்டு வந்து விட வேண்டியதில்லை, இதைக் கேட்டதுமே அவர் பாதி இறங்கிவிட்டார். வாரம் மூன்று நாள், இரண்டு நாள் காலை, ஒரு நாள் சாயங்காலம் என்று பேசியிருக்கிறேன். பிள்ளைக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் இருக்கிறது, ஈப்போ போகும் ஆசை வேறு.

எல்போர்டு_அக்கா:
டெஸ்ட்டுக்கு முந்தின நான்கு நாளும் விடாமல் ஓட்டட்டும் அத்தை. மேடும் பார்க்கிங்கும் மட்டும் போதும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

லோரி_அண்ணே:
அது நியாயம். சாயங்காலப் பாடத்தை மட்டும் காலைக்கு மாற்ற விடாதீர்கள்.

சிப்புட்_அத்தை:
முதல் சாயங்காலப் பாடம் வருகிற திங்கள் ஐந்து மணிக்கு. மழை வந்தாலும் நிறுத்த வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான்கு நாள் விஷயத்தை நாளைக்குக் கேட்கிறேன். உதிரிப் பழம் அண்ணனே ஒரு பை எடுத்து வைத்துவிட்டார்.