முதல் கியர் 3.27 எல்லா வண்டிக்கும் பொருந்துமாம்!

பன்னிரண்டுபோல்ட்:
பக்கத்து இழையில் ஒரு மேதாவி தீர்ப்பே எழுதிவிட்டார்: "பழைய அமெரிக்க மசில் காருக்கு (பெரிய எஞ்சின் வண்டிக்கு) ஓவர்டிரைவ், அதாவது எஞ்சின் நிதானமாகச் சுற்ற விகிதம் 1-க்குக் கீழே உள்ள கடைசி கியர், வேண்டுமா? டிரெமெக் டிகேஎக்ஸ் ஐந்து கியர் பெட்டி, முதல் கியர் விகிதம் 3.27. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்." ஐயா, என்னுடையது 1969 செவர்லே செவெல், 396 கன அங்குல எஞ்சின், பின்னால் 4.10 கிரவுன் (பின் அச்சின் பல்சக்கர விகிதம்). 3.27-ஐ 4.10-ஆல் பெருக்கினால் 13.4, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 13.4 சுற்று. 26 அங்குல டயரில், எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில், முதல் கியர் 35 மைல் வேகத்திலேயே முடிந்துபோகும். இப்போதிருக்கும் மன்சி எம்21 நாலு கியர் பெட்டிக்கு முதல் கியர் 2.20, அதே சுற்றில் 51 மைல் வரை இழுக்கிறது. சிக்னலைத் தாண்டுவதற்குள் இரண்டாவது போட நான் என்ன லாரியா ஓட்டுகிறேன்?

கிளட்ச்குமார்:
அந்த மேதாவி நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். என் 70 கமாரோவில் 3.27 போட்டு இரண்டு வருடம் ஆகிறது. கிளட்ச்சை விட்டால் போதும், வெண்ணெய் மாதிரி கிளம்புகிறது. ஐந்தாவதில் 70 மைல் போனால் எஞ்சின் 2000 சுற்றுதான்.

பன்னிரண்டுபோல்ட்:
பின் கிரவுன் எவ்வளவு?

கிளட்ச்குமார்:
அது எதற்கு? பேச்சு கியர்பெட்டியைப் பற்றி.

புதுநோவா72:
அண்ணே, நான் புதுசு. ஐந்து கியர் இருந்தாலே ஓவர்டிரைவ்தானா? ரிச்மண்ட் பெட்டி ஒன்று மலிவாக வருகிறது. ஐந்தாவது 1.00 என்கிறார்கள்.

பன்னிரண்டுபோல்ட்:
குமார், நீங்கள் சொல்லாவிட்டால் என்ன, கணக்கு சொல்லும். ஐந்தாவது 0.72, 70 மைலுக்கு 2000 சுற்று என்றால் உங்கள் கிரவுன் 3.08. அதற்கு 3.27 சரி. 4.10-க்கு 3.27 லாரி கியர். இதைச் சொல்லாமல் ஊருக்கெல்லாம் 3.27 விற்கிறீர்கள்.

மன்சிமாமா:
இத்தனை பெருக்கல் எதற்கு? அசல் பெட்டியைக் கழற்றி விற்றுவிட்டு அப்புறம் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மன்சி எம்22 பெட்டியில் கியர் பல்லின் சாய்வு குறைவு, அதனால் வருகிறது அந்த முனகல். அதைக் கேட்கத்தானே வண்டி?

பன்னிரண்டுபோல்ட்:
மாமா, என் 4.10-இல் 70 மைலுக்கு 3700 சுற்று ஓடும்போது முனகல் கேட்காது, காதே கேட்காது. டிகேஎக்ஸிலேயே முதல் கியர் 2.87, ஐந்தாவது 0.68 என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் 2520 சுற்று. நான் வாங்கப்போவது அதுதான். 3.27 அல்ல.

மோபார்நீலம்:
கிரைஸ்லர் 1975-லேயே தன் ஏ833 நாலு கியர் பெட்டியில் ஓவர்டிரைவ் கொடுத்துவிட்டது. முதல் 3.09, நான்காவது 0.73. செவர்லே ஆட்கள் இன்னும் பெருக்கிக்கொண்டே இருக்கிறீர்கள்.

பன்னிரண்டுபோல்ட்:
அது சிக்கன வண்டிகளுக்குச் செய்தது. முதல் 3.09, இரண்டாவது 1.67. நடுவில் ஒரு கிணறே இருக்கிறது. குதித்துத் தாண்டுங்கள்.

மோபார்நீலம்:
கிணறு என்னுடையது, குதிப்பதும் நான். உங்களுக்கு என்ன?

கிளட்ச்குமார்:
நானும் பெருக்கிப் பார்த்தேன். 2.87-ஐ 4.10-ஆல் பெருக்கினால் 11.8. 6000 சுற்றில் 39 மைல். என் 3.27-க்கு 35 மைல் என்றீர்கள். நாலு மைலுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?

பன்னிரண்டுபோல்ட்:
நாலு இல்லை, கிட்டத்தட்ட ஐந்து. அந்த ஐந்துதான் லாரிக்கும் காருக்கும் உள்ள வித்தியாசம். 3.27 லாரி கியர் என்று முதலிலேயே சொன்னேன்.

கிளட்ச்குமார்:
லாரி, லாரி, லாரி. சரி, பெட்டியை மாட்டுவதற்கு முன் பெல்ஹவுசிங் (எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள கூடு) மையம் 0.005 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, எதை வைத்துப் பார்ப்பீர்கள்? போன தீபாவளிக்கு என்னிடம் வாங்கிப்போன டயல் கேஜை வைத்தா?

பன்னிரண்டுபோல்ட்:
அதை இங்கே இழுக்க வேண்டாம்.

மன்சிமாமா:
அந்த கேஜ் என்னுடையது, குமார். நீர் என்னிடம் வாங்கியது.

கிளட்ச்குமார்:
மாமா, நான் திருப்பிக் கொடுக்கத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் கிரவுன் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பன்னிரண்டுபோல்ட்:
கேஜ் வரும். ஆனால் 4.10-க்கு 3.27 பொருந்தும் என்று இதுவரை ஒருவராவது கணக்கோடு காட்டினீர்களா? இல்லை.

கிளட்ச்குமார்:
4.10-க்கு என்று நான் எங்கே சொன்னேன்?

பன்னிரண்டுபோல்ட்:
"கண்ணை மூடிக்கொண்டு" என்றீர்கள்.

புதுநோவா72:
யாரும் பதில் சொல்லாததால் அந்த ரிச்மண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். என் வண்டிக்கும் 4.10தான். முதல் கியர் 3.27 என்று போட்டிருக்கிறது, நல்லதுதானே?

பன்னிரண்டுபோல்ட்:
குமார், வந்து பதில் சொல்லுங்கள். உங்கள் ஆள்.