வருஷா வருஷம் அதே கசிவு, அதே பில்: அரசுக் கட்டடப் பராமரிப்புச் செலவைச் சரிபார்ப்பது எப்படி?

மாடிப்படி

தரைத்தளமும் முதல் தளமும் உள்ள அரசு அலுவலகக் கட்டடம். மொட்டை மாடி 60 அடிக்கு 40 அடி. பராமரிப்பு பொதுப்பணித் துறை. 5 வருஷமாக மார்ச் மாதம் வந்தால் "பழுதுபார்ப்பு" என்று ஒரு வேலை நடக்கிறது. மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கிறார்கள், உள்ளே சீலிங்குக்குப் பட்டி வைத்து வெள்ளை அடிக்கிறார்கள், கழிப்பறைக் குழாய்களை மாற்றுகிறார்கள். ஐப்பசி மழையில் அதே இடத்தில் கறை. குழாய்களும் ஆறு மாதத்தில் சொட்ட ஆரம்பித்துவிடுகின்றன.

இது திருட்டா, தெரியாமல் செய்யும் வேலையா? எந்தக் காகிதத்தைப் பார்த்தால் தெரியும்? சரியாகச் செய்வதென்றால் என்ன செய்திருக்க வேண்டும்?

கொட்டாபுளி

மாடியை மட்டும் சொல்றேன்.

தமிழ்நாட்டுப் பழைய அரசுக் கட்டடங்கள்ல கான்கிரீட் தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கால் அடிக்கு, அதாவது 75 மில்லிமீட்டர் அளவுக்குப் போட்டு, அடிச்சு இறுக்கி, அதுக்கு மேல தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிச்சிருப்பாங்க. தண்ணி தட்டோட்டு வழியா இறங்காது, தட்டோட்டு இடுக்கு வழியாத்தான் இறங்கும். பாயிண்டிங் (இடுக்கை அடைக்கிற கலவை) பெயர்ந்த இடத்துல தண்ணி உள்ளே போனா ஜல்லி அதைக் குடிச்சு வச்சுக்கும். இந்த ஈரத்துக்கு மேல பெயிண்ட் அடிச்சா சித்திரை வெயில்ல உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி பெயிண்டைக் கொப்புளமாத் தூக்கும். கொப்புளம் உடைஞ்சதும் அதுவே புது ஓட்டை. வருஷா வருஷம் அடிக்க வேண்டி வர்றது இதனாலதான்.

முதல்ல எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிங்க. மழை இல்லாத மாசத்துலயும் கறை ஈரமா இருந்தா அது மாடிக் கசிவு இல்லை, மேல இருக்கிற தொட்டியோ குழாயோதான். மழைக்கு மட்டும்னா, மழைநீர்க் குழாய் வாயை அடைச்சு, 25 மில்லிமீட்டர் தண்ணி கட்டி 48 மணி நேரம் விட்டுட்டு, கீழே சாக்பீஸால குறிங்க. சீலிங்ல கம்பி வெளியே தெரியற இடத்துல தண்ணி கட்டாதீங்க. அந்தத் தளம் கூடுதல் பாரம் தாங்குமாங்கிறதே முதல் கேள்வி.

பெரும்பாலும் மூணு இடம்: மழைநீர்க் குழாய் வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை, தொட்டி நிக்கிற மேடையின் அடி. இந்த மூணுக்கும் கொத்தனார் ரெண்டு பேர் மூணு நாள் வேலை. தளர்ந்த தட்டோட்டை எடுத்து, 1:3 சிமெண்ட்-மணல் கலவையில வாட்டர்ப்ரூஃப் காம்பவுண்ட் சேர்த்துப் பதிச்சு, சுவர் மூலையில கலவையை உருட்டலா வச்சு, இடுக்கைச் சுத்தம் பண்ணி பாயிண்டிங் பண்ணா முடிஞ்சது. கலவையை ஒரு வாரம் தண்ணி விட்டு நனைச்சு வைக்கிறதை மட்டும் விட்டுடக் கூடாது.

இன்னொண்ணு, மழைநீர்க் குழாய் எத்தனைன்னு எண்ணுங்க. 100 மில்லிமீட்டர் குழாய் ஒண்ணு பலத்த மழையில சுமார் 40 சதுர மீட்டர் மாடிக்குத்தான் போதும். உங்க மாடி 223 சதுர மீட்டர், ஆறு குழாய் வேணும். மூணுதான் இருந்தா என்ன பூசினாலும் தண்ணி தேங்கி நிக்கும்.

எம்புக்

திருட்டா தெரியாமையா என்பதைக் காகிதத்திலிருந்தே பெரும்பாலும் பிரித்துப் பார்க்கலாம். எஸ்டிமேட் மட்டும் போதாது, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் வேண்டும். வேலை நடந்த நீள அகலம் அதில்தான் பதிவாகும், பில் அதிலிருந்துதான் போடப்படும்.

ஐந்து வருஷத்துப் பக்கங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒரே அளவு தசமப் புள்ளி மாறாமல் வந்திருந்தால் யாரும் டேப் பிடித்து அளக்கவில்லை, போன வருஷப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து உச்சவரம்பு: இரண்டு தளத்துக்கும் சேர்த்து தட்டையான சீலிங் 4,800 சதுர அடிக்கு மேல் வரவே முடியாது. வந்திருந்தால் அந்த இடத்தில் சிவப்புப் பேனா. ஜன்னல், கதவு கழித்திருக்கிறார்களா பாருங்கள். அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்கு ஒரு பக்கம் கழிக்க வேண்டும். சாதாரணக் கதவும் ஜன்னலும் இந்த அளவுக்குள் வந்துவிடும். எதையுமே கழிக்காத பில்கள் நிறைய.

பெயிண்டுக்கு நல்ல சோதனை பக்கெட்டுகள். வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் 50 முதல் 60 சதுர அடி பிடிக்கும். 10,000 சதுர அடிக்கு பில் என்றால் 170 முதல் 200 லிட்டர், அதாவது 20 லிட்டர் பக்கெட் ஒன்பது அல்லது பத்து வந்திருக்க வேண்டும். நாலு பக்கெட் வந்திருந்தால் மீதி தண்ணீர். மாடியில் அடிக்கும் கெட்டியான பூச்சு இன்னும் குறைவாகத்தான் பிடிக்கும், இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 20 முதல் 25 சதுர அடி. உங்கள் 2,400 சதுர அடிக்கு குறைந்தது ஐந்து பக்கெட். வேலை நடக்கும்போதே காலி பக்கெட்டை எண்ணுங்கள். அப்புறம் எண்ண முடியாது.

மார்ச் மாதக் காரணமும் எளிது. வருஷ முடிவில் செலவாகாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும், அடுத்த வருஷம் குறையும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 62(3) ஆண்டு இறுதிச் செலவு நெரிசலை நிதி ஒழுங்கு மீறல் என்றே சொல்கிறது. அது மத்திய அலுவலகங்களுக்கு உரியது, உங்கள் மாநிலக் கட்டடத்தை நேரடியாகக் கட்டாது. ஆனாலும் பெயிண்ட் வேலை மார்ச்சில் முடிவதற்கும் கசிவு ஐப்பசியில் தெரிவதற்கும் இடையே ஏழு மாதம் இருக்கிறது, அதற்குள் பில் பட்டுவாடா ஆகிவிடும்.

வால்வு_வாசர்

எல்லாத்தையும் திருட்டுன்னு பார்க்க வேண்டாம் சார். குழாய் விஷயத்துல காரணம் வேற. எஸ்டிமேட் போடறதுக்கான துறை விலைப்பட்டியல்ல "15 மில்லிமீட்டர் குழாய் வாங்கிப் பொருத்துதல்"னு ஐட்டம் இருக்கும். "வாசர் மாத்துதல்"னு தேடினா பெரும்பாலும் கிடைக்காது. ஐட்டம் இல்லாத வேலைக்கு எஸ்டிமேட் போடறது சுலபமில்லை, அதனால சில்லறைக்கு வாங்கற வாசருக்குப் பதிலா முழுக் குழாயே மாறுது. அதுக்கு மேல காண்ட்ராக்டர் லாபம், 18 சதவீத ஜிஎஸ்டி.

இதுக்கு வழி எஸ்டிமேட்டுக்கு வெளியே இருக்கு. அலுவலகத் தலைவர் கையில சில்லறைச் செலவுக்கு நிரந்தர முன்பணம் இருக்கும். அதுல ஒரு டப்பா வாங்கி வைங்க: அரை இஞ்ச் வாசர் ஒரு டஜன், பீங்கான் தட்டு ஸ்பிண்டில் (குழாய்க்குள்ள திருகுற தண்டு) நாலு, மேல்தொட்டிக்கு மிதவை வால்வு ரெண்டு, டெஃப்லான் டேப். பழைய திருகுக் குழாய்க்கு வாசர். அரைத்திருப்புக் குழாய்க்கு வாசர் கிடையாது, ஸ்பிண்டிலையே மாத்தணும். போர்த் தண்ணி மணலோட வந்தா பீங்கான் தட்டு கீறிப்போய் ஆறு மாசத்துல சொட்டும். மேல்தொட்டியிலிருந்து இறங்கற குழாய்ல ஒரு வடிகட்டி போடாம எத்தனை குழாய் மாத்தினாலும் அதே கதை.

இன்னொரு வீண்செலவு வரிசையில வருது. கட்டட வேலைக்கு ஒரு பிரிவு, மின்வேலைக்கு இன்னொரு பிரிவு, ரெண்டும் தனித்தனி எஸ்டிமேட். மார்ச்ல வெள்ளை அடிச்ச சுவரை ஜூன்ல வயர் போட உளியால வெட்டுவாங்க. குழாய், வயர், பூச்சு, கடைசியாப் பெயிண்ட். இந்த வரிசையை ஒரே தாள்ல எழுதி ரெண்டு உதவிப் பொறியாளர்களுக்கும் கொடுக்கணும்.

மாடிப்படி

நன்றி. இந்த வருஷ எஸ்டிமேட்டில் "பழைய தட்டோட்டின் மேல் மீண்டும் ஜல்லி போட்டு ஓடு பதித்தல்" என்று இருக்கிறதாம். பெயிண்டை விட நல்லதுதானே?

கொட்டாபுளி

வேண்டாம்! 75 மில்லிமீட்டர் ஜல்லிச் சுண்ணாம்பு ஒரு சதுர மீட்டருக்கு 140 கிலோவுக்கு மேல. உங்க மாடிக்கு 30 டன்னுக்கு மேல புதுசா ஏறும், ஓடும் கலவையும் சேர்க்காம. கைப்பிடிச் சுவர் உயரமும் குறைஞ்சு போகும், மழைநீர்க் குழாய் வாய் பள்ளத்துல மாட்டிக்கும். பழசை முழுக்க எடுத்துட்டுப் போடறதுன்னா சரி. அப்போ "பழையதை அகற்றி வெளியேற்றுதல்" ஐட்டம் எஸ்டிமேட்ல இருக்கான்னு பாருங்க. வாட்டம் (தண்ணி ஓடற சரிவு) 60-க்கு 1-க்குக் குறையக் கூடாது.

எம்புக்

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவில் "ஏன் ஒழுகுகிறது" என்று கேட்காதீர்கள், பதில் வராது. ஆவணமாகக் கேளுங்கள்: 5 ஆண்டுகளின் தொழில்நுட்ப ஒப்புதல் பெற்ற எஸ்டிமேட், வேலை உத்தரவு, அளவுப் புத்தக நகல், இறுதி பில். கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 2005 சட்டத்தின் பிரிவு 2(ஜே) வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது, அதையும் மனுவிலேயே எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வேலை உத்தரவு கைக்கு வந்ததும் கசிவுத் தடுப்புக்கு உத்தரவாதக் காலம் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையில் 10 ஆண்டு உத்தரவாதம் வாங்கி, அந்த வேலை மதிப்பில் 10 சதவீதத்தைப் பிடித்து வைப்பது வழக்கம். உங்கள் உத்தரவில் ஒரு வருஷம் என்று இருந்தால்கூட, ஐப்பசிக் கறையைத் தேதியிட்டுப் படமெடுத்து எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால் காண்ட்ராக்டர் சொந்தச் செலவில்தான் வந்து செய்யணும்.