திருகோணமலையில் இரவு வேலைக்கு எந்தப் பகுதி: உப்புவெளியா, நிலாவெளியா, உவர்மலையா?

கேள்வி: கனடாத்தம்பி
வணக்கம். மே மாதம் ரொறன்ரோவில் இருந்து வந்து ஜனவரி வரை திருகோணமலையில் தங்கி, அங்கத்தைய கம்பனி வேலையை ஒன்லைனில் செய்யப் போகிறேன். ரொறன்ரோ நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை, பாதி நேரம் வீடியோ மீற்றிங். தனி ஆள், வாகனம் இல்லை. கடலுக்குக் கிட்ட இருந்தால் நல்லது. எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?

பதில்: மூன்றாம்கட்டை
தம்பி, உங்கள் வேலை இங்கே மாலை 6.30க்குத் தொடங்கி அதிகாலை 2.30க்கு முடியும். நவம்பரில் கனடாவில் மணிக்கூடு மாற்றியதும் 7.30 – 3.30 ஆகிவிடும். கடலைப் பிறகு பார்க்கலாம். காலை பத்து மணி வரை அந்த வீட்டில் நித்திரை கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் அடிக்கும், அனல் காற்று. சீலிங் இல்லாத சீற் கூரை என்றால் எட்டு மணிக்கே எழும்பிவிடுவீர்கள். மாடி வீட்டில் மேல்தளத்தை எடுக்காதீர்கள், பிளாற் (கொங்கிறீற் கூரை) பகல் சூட்டை இரவிலும் இறக்கிக்கொண்டிருக்கும். ஓட்டுக் கூரை, சீலிங், வளவுக்குள் ஒரு வேம்பு அல்லது மாமரம் இருந்தால் ஏ.சி. குறைவாகப் போதும். யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் ஏறுவதால் கரண்ட் பில் யார் கட்டுவது என்று வாடகையோடு சேர்த்தே பேசுங்கள்.

நிலாவெளி நகரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர். செப்டெம்பரோடு சீசன் முடிந்தால் கடைகளும் குறையும், வாகனம் இல்லாத உங்களுக்கு வேண்டாம். உப்புவெளி வசதி, ஆனால் கடற்கரை ஒழுங்கைகளில் சீசன் காலத்துப் பாட்டுச் சத்தமும் உங்கள் மீற்றிங்கும் ஒரே நேரம். உப்புவெளிக்குப் பக்கத்து அலஸ்தோட்டத்தில் கடலை விட்டு உள்ளே தள்ளிப் பாருங்கள். என் தெரிவு உவர்மலைதான்: மேட்டு நிலம், நகரம் பக்கம், ஓட்டோ கிடைக்கும்.

நவம்பர், டிசம்பர் மழையை மே மாத வெயிலில் நின்று கணிக்க முடியாது. மதில் அடியில் மண்நிறக் கோடு இருக்கிறதா, றோட்டை விட முற்றம் தாழ்வா என்று பாருங்கள். மலக்குழி தாழ்வில் இருந்தால் மழைக்கு நிரம்பி, குளியலறைக்குள் தண்ணி திரும்பும்.

பதில்: வயர்மன்
வீட்டுக்காரர் "பைபர் இருக்கு" (கண்ணாடி இழை இணைய இணைப்பு) என்றால் வீட்டுக்குள் இருக்கா, றோட்டுக் கம்பத்தில் இருக்கா என்று கேளுங்கள். கம்பத்துப் பெட்டியில் காலி இணைப்பு இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். இரவு 8க்கும் 10க்கும் இடையில், எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் சோதியுங்கள். அப்லோட் 5 எம்பிபிஎஸ் விழாமல் நின்றால் மீற்றிங்குக்குப் போதும். ரொறன்ரோவுக்குப் பிங் (தரவு போய்த் திரும்பும் நேரம்) எப்படியும் 200 மில்லிசெக்கனைத் தாண்டும், அது தூரத்தால் வருவது. அது ஏறி இறங்கினால்தான் குரல் வெட்டும்.

கரண்ட் போனால் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் (சிறிய பற்றரிப் பெட்டி) வேண்டும். அடப்டரில் உள்ள வோல்ற்றைப் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் 12. பெட்டியில் 10,000 எம்ஏஎச் என்று இருப்பது 3.7 வோல்ற் பற்றரிக் கணக்கு, அதாவது 37 வாற்-மணி. ரவுட்டர் 10 வாற் இழுத்தால் மூன்று மணித்தியாலம் சொச்சம். பைபர் பெட்டியில் LOS என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் வெளியே வயரில்தான் பிழை, றீஸ்டார்ட் செய்து மினக்கெடாதீர்கள். அதற்கு வேறு கம்பனி சிம் ஒன்று கையில் இருக்கட்டும்.

கனடாத்தம்பி
மிக்க நன்றி அண்ணா. தண்ணி, முன்பணம் எப்படி?

பதில்: மூன்றாம்கட்டை
கடலோரக் கிணறு பல இடங்களில் உவர். வாயில் வைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணி இணைப்பும் மேல் டாங்கியும் உள்ள வீடாக எடுங்கள். ஆறு மாதம், ஒரு வருட வாடகையை ஒரேயடியாகக் கேட்பார்கள். முதல் இரண்டு கிழமை விடுதியில் நின்று, பிடித்த வீட்டை இரவு பத்துக்கும் காலை ஏழுக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் மீற்றர் வாசிப்பையும், பழைய பில் நிலுவை இல்லை என்பதையும் எழுதுவியுங்கள்.