இறந்தவுடனே பரலோகமா, உயிர்த்தெழுதல் வரை காத்திருப்பா?

கேள்வி: லூக்கா 23:43-ல் தம்மோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்கிறார் இயேசு. 1 தெசலோனிக்கேயர் 4:16-லோ மரித்தோர் பிற்பாடு எழுந்திருக்கிறார்கள். எது சரி?

பதில் 1: இரண்டும்தான். ஆத்துமா உடனே கிறிஸ்துவோடு (பிலிப்பியர் 1:23), சரீரம் அவர் வருகையில் எழும். பலர் முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வெளிப்படுத்தல் 21-ஐப் பாருங்கள்: நாம் மேலே போவதில்லை, தேவனுடைய நகரமான புதிய எருசலேம் இறங்கி வருகிறது. கண்ணீர் துடைக்கப்படுவதும் அங்கேதான், 4-ஆம் வசனம்.

பதில் 2: எல்லாச் சபையும் இதை ஏற்காதுங்க. அட்வென்டிஸ்டு சபையார் "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்ற பிரசங்கி 9:5-ஐக் காட்டி, மரணத்தை நித்திரை என்பார்கள். கத்தோலிக்க போதனையில், மரணத்துக்கும் பரலோகத்துக்கும் நடுவே ஆத்துமா சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு.

கேட்டவர்: அன்பான தேவன் என்றால் நரகம் எதற்கு?

பதில் 1: 2 பேதுரு 3:9-ன்படி ஒருவரும் கெட்டுப்போவது அவர் சித்தமல்ல. ஆனால் யாரையும் வலுக்கட்டாயமாகப் பரலோகத்துக்கு இழுத்துப்போவதும் அன்பாகாதே. "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்கிற 1 யோவான் 4:8-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளாமல் 7 முதல் 21 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிய தைரியமும் அதே பகுதியில், 17-ல் வருகிறது.